அக்காவின் வயது

எனக்கு முன்னால் என் பெயரோடு ஒருத்தி இருந்தாள். என் அக்கா. பிறந்து ஏழு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் பிறந்து இரண்டு வருஷம் கழித்து நான் பிறந்தபோது அம்மா அதே பெயரை எனக்கும் வைத்தாள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அது ஒன்றும் புதுமையில்லை. போன பிள்ளையே திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வதில் தாய்மாருக்கு ஓர் ஆறுதல்.

அக்கா பிறந்ததைப் பதிந்து வாங்கிய பத்திரம் எங்கள் தகரப் பெட்டிக்குள் இருந்தது. அவள் செத்ததை யாரும் பதியவில்லை. நான் பிறந்ததையும் யாரும் பதியவில்லை. ஒருநாள் பெட்டியைக் குடைந்தபோது அந்தக் கடுதாசி கையில் அகப்பட்டது. அது அக்காவுடையது என்று அம்மா சொன்னதும், என்னுடையது எங்கே என்று கேட்டேன்.

"பேரு ஒண்ணுதானே புள்ள, கடுதாசி ஒண்ணு போதாதா?" என்றாள் அம்மா.

அவளுக்கு அது சரியான கணக்காகத்தான் பட்டது. எனக்கும் அப்போது சரியாகத்தான் பட்டது. அக்கா இருந்திருந்தால் உன்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்றும் சொன்னாள். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் என் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

எனக்கு ஐந்து வயதில் அம்மா போய்விட்டாள். பிரசவத்தில் அவளும் போனாள், வயிற்றுப் பிள்ளையும் போனது. நோர்வூட்டுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளைக் காம்பரா உண்டு. அதற்கு நான் பெரியவள். பள்ளிக்கூடம் என்று ஒரு கொட்டகை உண்டு, அதற்கு நான் சின்னவள். இரண்டுக்கும் நடுவில் வீட்டில் கிடந்தேன். ஒருநாள் அம்மாவைத் தேடிக்கொண்டு மலைக்குள் நடந்து வழிதவறி, அடுத்த தோட்டத்துக் காவல்காரரின் குடிசையில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் இருந்தேன். அப்பா தேடி அலைந்து, கண்டுபிடித்து, கூட்டிவந்து அடித்தார். மறுநாள் கடையில் ஒரு பூட்டு வாங்கிவந்தார்.

அன்று தொடங்கியது அது. விடியற்காலையில் வேலைக்கு எழுப்பும் தப்பு மேளம் அடித்ததும் அப்பா எழுந்து, பால் இல்லாத சாயத்தண்ணியும் ரொட்டியும் வைத்துவிட்டு, வெளியே கொண்டி மாட்டிப் பூட்டிவிட்டு, ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்குப் போவார். மாலையில் வந்து திறப்பார். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பரா ஒன்றில் என்ன இருக்கும்? ஓர் அடுப்பு, ஒரு பெட்டி, ஒரு கம்பளி. ஜன்னல் கிடையாது. கதவுப் பலகை இரண்டு சேராத இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் வரும். அதில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தெரிவதெல்லாம் வாசல் தாழ்வாரமான இஸ்தோப்பின் ஓரமும், அதற்கு அப்பால் தண்ணீர் ஓடும் கானும், அதைத் தாண்டிப் போகிறவர்களின் கால்களும்தான். லயத்தில் இருந்த எல்லாரையும் எனக்குக் காலால் தெரியும். சிலருடைய முகத்தைப் பிறகு பார்த்தபோது, இந்தக் காலுக்கு இந்த முகமா என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

அப்பா மேல் எனக்கு இருந்த கோபத்தைச் சின்னதாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. குடித்தால் அடிப்பார். குடிக்காத நாளில் பேசமாட்டார். இரண்டில் எது மேல் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கழிவுக்கு ஒரு வாளி வைத்திருந்தார். அதன் நாற்றத்தோடு நான் ரொட்டி தின்றிருக்கிறேன். நெருப்புப் பிடித்தால் என்ன ஆவேன் என்று அவர் யோசித்தாரா என்று பிற்காலத்தில் கேட்க நினைத்து, கேட்காமலே விட்டுவிட்டேன். நான் யோசித்தேன். தினமும் அடுப்புச் சாம்பலைத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டுத்தான் உட்காருவேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு இருக்க வேண்டிய புத்தியா அது?

கிறிஸ்தவக் குடும்பங்கள் இரண்டு எங்கள் லயத்தில் இருந்தன. அவர்களைப் பார்க்க ஓர் உபதேசியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். ஒருநாள் அவருடைய கறுப்புச் சப்பாத்து என் வெளிச்சக் கோட்டில் வந்து நின்றது. சப்பாத்துப் போட்ட கால் எங்கள் லயத்துக்கு அபூர்வம். பலகையைத் தட்டினேன்.

"யாரு உள்ள?"

"நான்தான்."

"கதவத் தொற புள்ள."

"பூட்டியிருக்கு."

"சாவி எங்க?"

"அப்பா இடுப்புல."

பூட்டை அசைத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு சப்பாத்து போய்விட்டது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு கன்னியாஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அட்டன் பக்கத்தில் தாய் இல்லாத பெண்பிள்ளைகளுக்காக ஒரு மடம் நடத்தினார்கள். அதைப் பார்த்துக்கொண்ட இந்தச் சிஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். குள்ளமான உருவம், பெரிய குரல். எங்கள் காம்பராவுக்குள் குனிந்து வந்து வாளியைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்பாவிடம், "பிள்ளையின்ர பிறப்புப் பத்திரம் இருக்கோ? அது இல்லாமல் நான் எடுக்கேலாது" என்று மட்டும் கேட்டார். எழுத்தில் இல்லாத எதையும் அந்த அம்மாள் நம்பமாட்டார், கடவுள் ஒருவரைத் தவிர.

அப்பா தகரப் பெட்டியைத் திறந்து அக்காவின் கடுதாசியை எடுத்துக் கொடுத்தார்.

சிஸ்டர் வாசித்துவிட்டு, "ஒன்பது வயசோ? வளர்த்தி காணாது" என்றார். எனக்கு ஏழு. அப்பா வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. கடுதாசி இல்லாவிட்டால் எடுக்கமாட்டேன் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. பூட்டுக்குள் இருக்கிறவளுக்கு அது போதும்.

அன்று நல்ல குளிர். பஸ்ஸில் ஏறும்போது அப்பா எங்கள் கம்பளியை என் தலையோடு சேர்த்துப் போர்த்திவிட்டார்.

மடம் சொர்க்கமாக இருந்தது என்று எழுதினால் பொய். முதல் நாளே பேனுக்காக என் தலையை ஒட்ட வெட்டினார்கள். அம்மா எண்ணெய் தடவிப் பின்னிய முடி. கத்தரிக்கோல் பிடித்த சமையற்கார அம்மாவைக் கடித்துவிட்டேன். உடுப்பில் இருபத்திமூன்று என்று நூலால் நம்பர் போட்டார்கள். எழுவதற்கு மணி, கும்பிடுவதற்கு மணி, தின்பதற்கு மணி. சுற்றிலும் மதில், முன்னால் இரும்பு வாசல். வாசலில் பூட்டு. அதைக் கண்டதும், இது பெரிய காம்பரா, அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். காற்றில் ஏதாவது கதவு படாரென்று சாத்திக்கொண்டால் நான் கத்திக்கொண்டு ஓடுவேன். மற்றப் பிள்ளைகள் வேண்டுமென்றே சாத்திச் சிரித்தார்கள்.

காலையில் மணி அடிக்கும் முன்பே எழுந்துபோய்ப் படுக்கைக்கூடத்துக் கதவடியில் நிற்பது என் வழக்கமாகிவிட்டது. திறக்கிறார்களா இல்லையா என்று பார்க்கவேண்டும் எனக்கு. ஒருநாள் சிஸ்டர் திறந்துகொண்டு வந்து என் மேல் மோதிக்கொண்டார்.

"ஒவ்வொரு நாளும் இஞ்சதானே நிக்கிறாய். அப்ப நீயே திற. எனக்கு ஒரு வேலை குறைஞ்சுது" என்று சொல்லிச் சாவிக்கொத்தைக் கையில் போட்டார்.

மடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலை உண்டு. ஒருத்திக்குக் கோழி, ஒருத்திக்கு விறகு, ஒருத்திக்குக் கோயில் விளக்கு. எனக்குக் கதவு. ஏழு சாவி. படுக்கைக்கூடம், சமையற்கட்டு, கோயில், வகுப்பறை, களஞ்சியம், பின்வாசல், முன்வாசல். சிஸ்டர் யோசித்துத்தான் கொடுத்தாரா, சோம்பலில் கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. எப்படி இருந்தாலும் அவருக்குக் கோடிப் புண்ணியம். ஒருநாள் முன்வாசல் பூட்டுக்குள் முதன்முதலாகச் சாவியைத் திருகினேன். திறந்து, வெளியே ஓரடி வைத்து, ரோட்டைப் பார்த்துவிட்டு, நானாகவே உள்ளே வந்தேன். அன்று காலை நான் இரண்டு ரொட்டி கூடுதலாகத் தின்றேன்.

அதன் பிறகு எனக்குப் படிப்பு ஏறியது. ஆனால் இன்னொரு பூட்டு விழுந்திருந்தது. அதன் சாவி யாரிடமும் இல்லை.

நான் அக்காவின் வயதில் இருந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு உட்காரவைத்ததால் எல்லாரையும்விடக் குட்டை, எல்லாரையும்விட மக்கு. வகுப்பைக்கூட எட்டிப் பிடித்தேன், உயரத்தை எட்டிப் பிடிக்க முடியவில்லை. என் வளர்த்தி சிஸ்டருக்குப் பெரிய மனக்கவலையாகிவிட்டது. கதவு நிலையில் கரிக்கோடு போட்டு மாதாமாதம் அளந்தார். தினமும் ஒரு கரண்டி மீனெண்ணெய் கொடுத்தார், நின்று விழுங்கவைத்தார். மற்றவர்களுக்கு மழைக்காலத்தில் மட்டும், எனக்கு வருஷம் முழுவதும். செத்துப்போன அக்காவின் வயதுக்கு என்னை வளர்க்க, மூன்று வருஷம் அந்த எண்ணெயைக் குடித்தேன். வாயில் மீன் நாறாத நாள் கிடையாது.

சொல்லிவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். சொன்னால் என்ன ஆகும்? பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவர்களிடம் எங்கே பிறந்தாய், அத்தாட்சி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. பத்திரத்துக்காகப் பெரியவர்களே அரசாங்கக் கச்சேரி வாசலில் தவம் கிடந்தார்கள். பத்திரம் இல்லாதவள் எந்த ஊர்க்காரியும் இல்லை. என்னைத் திரும்பப் பூட்டுக்குள் அனுப்பிவிட்டால்? சனிக்கிழமைகளில் மற்றப் பிள்ளைகள் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பார்கள். தங்கள் பொய்களைச் சாமியாரிடம் இறக்கிவைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வருவார்கள். நான் ஞானஸ்நானம் வாங்காதவள், எனக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஆகவே கோயிலைத் திறக்கப் போகும்போது மாதாவிடம் சொன்னேன், கதவை மூடும்போது எங்கள் தோட்டத்து மாரியம்மனிடமும் சொன்னேன். இரண்டு பேரும் பிள்ளை விஷயம் தெரிந்தவர்கள். இரண்டு பேருமே பதில் சொல்லவில்லை.

பதில் சொல்ல அப்பா வந்தார்.

வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். குடித்திருக்கவில்லை. சிஸ்டரின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே பேசினார்.

"புள்ளைக்குப் பன்னண்டு முடிஞ்சிருச்சுங்கம்மா. கூட்டிட்டுப் போயி பேர் பதியணும். காம்பராவுல நான் ஒருத்தந்தான் பேர் பதிஞ்ச ஆளு. இன்னொரு பேரு இல்லாட்டி வேற குடும்பத்த உள்ள போட்டுருவேன்னு கணக்கப்புள்ள சொல்றாரு."

தோட்டத்தில் பேர் பதிவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். செக்ரோல் என்ற கூலிப் பேரேட்டில் பெயர் ஏறிவிட்டால் கூடை தலையில் ஏறிவிடும், பிறகு இறங்காது. என் அம்மாவுக்கு அது இறங்கவேயில்லை.

சிஸ்டர் தன் பெரிய கொப்பியைத் திறந்து விரலை ஓட்டினார். அக்கா பிறந்த தேதியில் விரல் நின்றது. எனக்கு முகத்தைக் காட்டாமலே பேசினார்.

"பன்னிரண்டு சரிதான். தகப்பன் கேட்டால் நான் மறிக்கேலாது. போய் உன்ர உடுப்பை எடு பிள்ளை. சாவியைத் தந்திட்டுப் போ."

என்னை உள்ளே கொண்டுவந்த கடுதாசி, இப்போது என்னை வெளியே இழுத்தது. சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்தேன். மேசையில் வைக்கக் கையை நீட்டினேன். விரல் பிரியவில்லை.

"எனக்குப் பன்னண்டு இல்ல சிஸ்டர். பத்து. அந்தக் கடுதாசி எங்க அக்காவோடது."

"வாய மூடு!" என்று அப்பா கையை ஓங்கினார். மடத்துக்குள் இருக்கிறோம் என்று நினைவு வந்து இறக்கினார். "பொய் சொல்லுதுங்கம்மா. வேலைக்கு வரப் பயந்துக்கிட்டு."

சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். கோபம், கோபம் மட்டும்தான். "மூண்டு வருசம்! மூண்டு வருசம் ஒவ்வொரு நாளும் உனக்கு மீனெண்ணெய் பருக்கினன். ஒரு சொல்லு சொன்னனியே?"

நான் அழுதேன். பொய் சொன்னதற்கு அழுதேனா, உண்மை சொன்னதற்கு அழுதேனா தெரியாது. யாரை நம்புவது என்று சிஸ்டருக்கும் தெரியவில்லை. தெரியாதபோது அவர் செய்வது ஒன்றுதான். ஒரு தாளை எடுத்து எழுதினார். மைப்பெட்டியைத் திறந்து அப்பாவுக்கு முன்னால் வைத்தார்.

"எனக்கு எழுத்தில வேணும். வாசிக்கிறன், கேளுங்கோ. 'இந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கிற என் மகள் உயிரோடு இருக்கிறாள். அவளை நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.' இதில பெருவிரலை வைச்சிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கோ."

அப்பா பெருவிரலை மையில் அழுத்தினார். தோட்டத்தில் எத்தனையோ தாளில் வைத்த விரல். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் கேட்காமல் வைத்த விரல். அது தாளுக்கு ஒரு அங்குலம் மேலே நின்றது.

"இன்னொரு வாட்டி வாசிங்கம்மா."

சிஸ்டர் வாசித்தார். உயிரோடு இருக்கிறாள் என்ற இடத்தில் அப்பாவின் உதடு சேர்ந்து அசைந்தது. விரல் இறங்கவில்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தடித்துப்போன அந்தக் கையை அவர் பின்னால் இழுத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"அவ இல்லீங்கம்மா" என்றார். "அவ போயிட்டா. நாந்தான் குழி வெட்டினேன். பெரட்டுக்குத் தப்பு அடிக்கிறதுக்குள்ள வெட்டி மூடிட்டு, அன்னைக்கும் வேலைக்குப் போனேன். உசுரோட இருக்கான்னு எப்புடிம்மா கைநாட்டு வைப்பேன்?"

மையை வேட்டியில் துடைத்தார். வெள்ளை வேட்டியில் நீலமாக ஒட்டிக்கொண்டது. அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான், அம்மா போனபோதுகூடப் பார்க்கவில்லை.

சிஸ்டர் தாளை நாலாக மடித்துக் கிழித்தார். குரல் இறங்கியிருந்தது. "பத்து வயசுப் பிள்ளைக்குப் பேர் பதியேலாது."

"காம்பரா போயிருமே அம்மா."

சிஸ்டர் கொப்பியை மூடிவைத்தார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தனியாகவே இறங்கிப் போனார்.

அதன் பிறகு சிஸ்டர் என் கடுதாசிக்காக அலைந்த அலைச்சல் பெரிய கதை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சி எழுதிவைத்த பழைய கொப்பியில் நான் பிறந்ததைத் தேடிப் பிடித்தார். பதிவுக்காரர் ஒவ்வொரு தடவையும் ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்பினார். சிஸ்டர் ஒவ்வொரு தடவையும் செபமாலையை உருட்டிக்கொண்டே அவருடைய வாசலில் இருந்த மர வாங்கிலில் போய் உட்கார்ந்தார். அப்பா சாட்சிக்கு மூன்று தடவை வேலையை விட்டுவிட்டு வந்தார். முதலில் அக்காவின் சாவைப் பதிந்தார்கள். பிறகு என் பிறப்பைப் பதிந்தார்கள். இந்தத் தடவை அப்பாவின் பெருவிரல் தயங்காமல் இறங்கியது. அந்தக் கடுதாசியை வைத்துத்தான் பரீட்சை எழுதினேன், ஆசிரியையானேன், என்னையும் ஓர் ஊர்க்காரி என்று சொல்லிக்கொண்டேன். மீனெண்ணெயை, என் வயது தெரிந்த அன்றோடு நிறுத்திவிட்டிருந்தார் சிஸ்டர்.

அப்பா தனியாக இறங்கிப் போன நாளுக்குச் சில மாதம் கழித்து, பிள்ளைகளைப் பார்க்க ஆட்கள் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. தோளில் ஒரு சாக்கைப் போட்டிருந்தார். மடியிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். எங்கள் பூட்டு. சாவியும் அதிலேயே இருந்தது.

"ஒன் பெட்டிக்குப் போட்டுக்க. எனக்கு வேணாம் இனி."

"காம்பராவ எதால பூட்டுவீங்க?"

"பூட்ட வேண்டியதில்ல. எப்பவும் ஆள் இருக்கு. அஞ்சு பேரு. நல்ல சனம்." மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் இஸ்தோப்புல படுத்துக்கறேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் இங்கே படித்துக்கொண்டிருப்பதற்கு அவர் அங்கே எதைக் கொடுத்தார் என்று. கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அது இன்றைக்கும் ஒரு ஓரத்தில் இருக்கிறது. ஆனால் அன்று அதற்குப் பக்கத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

"குளிரலையா அப்பா?"

"கம்பளி இருக்குல்ல" என்றார்.

எங்களிடம் இருந்தது ஒரே கம்பளி. அது மேலே என் கட்டிலில் விரித்திருந்தது.

அவர் போக எழுந்தார். வாசல்வரை கூட நடந்தேன். திறந்துவிட வேண்டியவள் நான்தான். திறக்கவில்லை. "இங்கயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவரை மதிலுக்குள் வைத்தபடியே கம்பளியை எடுக்க ஓடினேன். என் வாழ்க்கையில் நான் ஒருவரைப் பூட்டிவைத்தது அந்த ஒரு தடவைதான்.